கன்சோலின் விலையும் அதில் விளையாடத் தொடங்க ஆகும் விலையும்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதத்தில் இருந்து எங்கள் விலைச்சீட்டுகளில் ஒவ்வொரு கைக் கன்சோலுக்கும் இரண்டு விலை எழுதியிருக்கும். முதலாவது பெட்டிக்கு மட்டும். இரண்டாவது, அதற்குப் பொருந்தும் மெமரி கார்ட்டும் ஒரு கேமும் சேர்த்து. 18 சதவீத வற் வரி இரண்டிலும் அடக்கம். புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் விலை விசாரித்து வருபவர்கள் பெரும்பாலும் பெட்டியின் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போய் கேம் ஏற்றும்போதுதான் இரண்டாவது செலவு தெரியவரும். அந்தச் செலவு கன்சோலுக்குக் கன்சோல் மிகவும் வேறுபடும்.

மிக மோசமான உதாரணம் சோனியின் கைக் கன்சோலான பிஎஸ் வீட்டா. 2012 பெப்ரவரியில் அமெரிக்காவில் வெளிவந்தபோது வைஃபை மாடலின் விலை 249.99 டொலர். அதற்கு சோனி தயாரித்த தனி வடிவ மெமரி கார்ட்டைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. 32 ஜிபி கார்ட் 99.99 டொலர், அதாவது கன்சோல் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு. முதல் மாடலில் உள்நினைவகம் இல்லாததால், கார்ட் இல்லாமல் பல கேம்களில் விளையாடிய இடத்தைச் சேமிக்கவே முடியாது. 2013இல் வந்த இரண்டாவது மாடலில் 1 ஜிபி சேர்த்தார்கள், அதுவும் போதாது. அதற்கு முன், 2011இல் வந்த நின்டெண்டோ 3 டிஎஸ், கமராவில் போடும் சாதாரண எஸ்டி கார்ட்டையே ஏற்றுக்கொண்டது என்பதை யோசித்துப் பாருங்கள். விற்பவர் ஒருவரே என்றால் விலை இறங்கக் காரணமே இருக்காது. இது வாடிக்கையாளருக்குச் செய்த அநியாயம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

பழைய வீட்டா வாங்க வருபவர்கள், கார்ட்டுடன் இருப்பதையே வாங்குங்கள். அந்தக் கார்ட் முன்னைய உரிமையாளரின் கணக்குடன் கட்டப்பட்டிருக்கும், உங்கள் கணக்கில் நுழைய அதை ஃபோர்மட் செய்ய, அதாவது முழுதாக அழிக்க, வேண்டிவரும். சாதாரண மைக்ரோ எஸ்டியைப் போடும் அடாப்டரும் கிடைக்கிறது. ஆனால் அது கேம் கார்ட் நுழையும் துளைக்குள்தான் போகும், கன்சோலின் மென்பொருளை மாற்றினால் மட்டுமே வேலை செய்யும். அடாப்டர் உள்ளே இருக்கும்போது கேம் கார்ட் போட முடியாது என்பதைப் பலர் சொல்வதில்லை.

சோனியின் முந்தைய கைக் கன்சோலான பிஎஸ்பியில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அதன் மெமரி ஸ்டிக் புரோ டுவோவும் சோனியின் தனி வடிவம்தான், ஆனால் மைக்ரோ எஸ்டியை அந்த வடிவத்துக்கு மாற்றும் சிறிய அடாப்டர் நன்றாகவே வேலை செய்கிறது. ஃபோர்மட்டைக் கணினியில் செய்யாமல் பிஎஸ்பியின் செட்டிங்ஸிலேயே செய்யுங்கள். இரண்டு மைக்ரோ எஸ்டி போடும் அடாப்டரை நாங்கள் விற்பதில்லை: ஒரு கோப்பு இரண்டு கார்ட்டிலும் பிரிந்து பதியும், ஒன்று பழுதானால் மற்றதில் இருப்பதும் போய்விடும். பிஎஸ்பி கோ மாடலுக்கு இந்த அடாப்டர் பொருந்தாது, அது எம்2 என்ற வேறு கார்ட்டைக் கேட்கும். பிஎஸ்பியின் கேம் தட்டான யூஎம்டியைப் பழையதாக வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். 60 மில்லிமீற்றர் தட்டு பிளாஸ்ரிக் உறைக்குள் இருக்கும், வாசிக்கும் வாய்க்கு மூடி கிடையாது, தூசி நேரே உள்ளே போகும். முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற பகுதி விளிம்பில் கழன்றிருந்தால் கன்சோலுக்குள் சிக்கிக்கொள்ளும்.

நின்டெண்டோவின் முதல் ஸ்விட்சுக்கு சாதாரண மைக்ரோ எஸ்டி போதும். உறையில் 190 எம்பி வேகம் என்று போட்டிருந்தால் அதற்கு மேலதிகமாகப் பணம் கொடுக்க வேண்டாம். ஸ்விட்சின் கார்ட் துளை யூஎச்எஸ்-1 வகை, அதன் உச்ச வரம்பு விநாடிக்கு 104 எம்பி. விளையாடிய சேமிப்புகள் கார்ட்டில் அல்ல, கன்சோலிலேயே இருக்கும். ஆகவே கார்ட் தொலைந்தால் கேமைத் திரும்ப இறக்கலாம், கன்சோல் தொலைந்தால்தான் சேமிப்பு போகும்.

இனி எல்லோரும் கேட்கும் ஸ்விட்ச் 2. 2025 ஜூன் 5இல் வெளிவந்தபோது அமெரிக்க விலை 449.99 டொலர், உள்நினைவகம் 256 ஜிபி. இதற்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் மட்டுமே பொருந்தும். பழைய மைக்ரோ எஸ்டியைப் போட்டால் அதில் உள்ள படங்களையும் வீடியோக்களையும் கன்சோலுக்கு எடுக்கலாம், கேம் பதிய விடாது. கார்ட்டைத் திருப்பினால் வித்தியாசம் தெரியும்: சாதாரண கார்ட்டில் தங்க நிறத் தொடுபுள்ளிகள் ஒரு வரிசை, எக்ஸ்பிரஸில் அதற்குக் கீழே இன்னொரு வரிசை. கணினி எஸ்எஸ்டிக்களில் உள்ள அதே முறையில் தரவு அந்த இரண்டாவது வரிசை வழியாகப் போகிறது. உச்ச வேகம் விநாடிக்கு 985 எம்பி.

இதையும் வீட்டாவின் கார்ட்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள், அது சரியில்லை. எக்ஸ்பிரஸ் 2019இல் எஸ்டி சங்கம் வெளியிட்ட பொது வடிவம். சான்டிஸ்க், சாம்சங், லெக்சார் எனப் பலரும் செய்கிறார்கள். இப்போது விலை கூடத்தான், ஆனால் ஒருவரிடம் மட்டும் கையேந்தி நிற்கும் நிலை இல்லை.

ஸ்விட்ச் 2இல் அதிகம் குழப்புவது கேம் கீ கார்ட். பெட்டியும் கார்ட்டும் மற்றவற்றைப் போலவே இருக்கும், ஆனால் கார்ட்டுக்குள் கேம் இல்லை, திறப்பு மட்டுமே. முதல் தடவை இணையத்தில் முழுக் கேமையும் இறக்க வேண்டும், பிறகு விளையாடும்போதெல்லாம் கார்ட் உள்ளே இருக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில், கீழ்ப் பகுதியில் சாவி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இதைச் சொல்லாமல் விற்க மாட்டோம். இரவல் கொடுக்கலாம், திரும்ப விற்கலாம், அதுவரை நல்லது. சைபர்பங்க் 2077 போலச் சில பெரிய கேம்கள் 64 ஜிபி கார்ட்டில் முழுமையாகவே வருகின்றன. விலை ஒன்றாக இருந்தால் அப்படிப்பட்டதையே வாங்குங்கள்.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ உறவினர் கொண்டுவரும் 3 டிஎஸ் வேறு பிராந்தியக் கேமைப் படிக்காது. ஸ்விட்சில் அந்தத் தடை இல்லை. ஆனால் நின்டெண்டோவின் இணையக் கடைக்கான அன்பளிப்புக் கோட் வாங்கும்போது உங்கள் கணக்கு எந்த நாட்டுக்கு என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கோட் அமெரிக்கக் கணக்கில் மட்டுமே ஏறும், சுரண்டிய கோட்டை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

போலி மெமரி கார்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 16 ஜிபி கார்ட்டின் உள்மென்பொருளை மாற்றி 256 ஜிபி என்று காட்டச் செய்கிறார்கள். முதல் இரண்டு கேம்கள் ஒழுங்காக ஓடும். உண்மையான கொள்ளளவு நிரம்பியபின் எழுதப்படுவதெல்லாம் பாழ், அப்போதுதான் பழுதடைந்த தரவு என்று கன்சோல் காட்டும். அதற்குள் விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது. வேறெங்கு வாங்கினாலும், கேம் ஏற்றுவதற்கு முன் விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மக்கில் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்ட்டையும் எழுதிப் படித்துப் பாருங்கள். சாதாரண 256 ஜிபி கார்ட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுக்கும். எங்களிடம் வாங்கும் கார்ட்டுகளை நாங்களே இப்படிச் சோதித்து, முடிவைப் பற்றுச்சீட்டுடன் இணைத்துத் தருகிறோம்.

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றால் தொடுபுள்ளிகள் மங்கும். கன்சோல் கார்ட்டைக் கண்டுகொள்ளாவிட்டால் அணைத்து, கார்ட்டை எடுத்து, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். வாயால் ஊத வேண்டாம். அப்படியும் சரிவராவிட்டால் கன்சோலையும் கார்ட்டையும் சேர்த்தே எடுத்து வாருங்கள், ஒன்றை மட்டும் வைத்து எதில் பழுது என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
கடைப் பணியாளர்கள், வெள்ளவத்தை, கொழும்பு 6