ஜெர்சி துவைப்பவருக்கும் சம்பளம் பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான், அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன். ஒரு கால்பந்து கிளப் கடனில் மூழ்கினால், நீங்கள் மட்டுமல்ல எல்லாப் பத்திரிகையும் மூன்று விஷயங்களைத்தான் எழுதுகிறீர்கள். தண்டனையாக லீக் அட்டவணையில் எத்தனை புள்ளியை வெட்டினார்கள், எந்த நட்சத்திர வீரர் கிளம்புகிறார், எந்தக் கோடீஸ்வரர் வாங்கப்போகிறார். அந்த மாதம் சம்பளம் வராமலேயே விடிகாலையில் வந்து புல்லுக்குத் தண்ணீர் விட்டவர், ஜெர்சி துவைத்துக் காயப்போட்டவர், டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து ரசிகர்களிடம் திட்டு வாங்கியவர், இவர்களில் ஒருவர்கூடச் செய்தியில் வருவதில்லை.

திட்டியவர்களில் நானும் ஒருவன், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆதரிக்கும் கிளப்புக்கும் ஒரு சீசனில் இந்தக் கதி வந்தது. பெயர் வேண்டாம். ரத்தான போட்டிக்குக் கட்டிய பணம் திரும்ப வரவில்லை என்று நாலு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. போன் போட்டேன், ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் எடுத்தார், நான் குரலை உயர்த்திப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இந்தப் பிரிவில் முன்பு ஆறு பேர் இருந்தோம், இப்போது நான் மட்டும்தான், மின்னஞ்சலைத் திறந்து பார்க்கவே நேரம் இல்லை" என்றார். சம்பளம் வந்ததா என்று கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவரே, பாதிதான் வந்தது என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? ஆனாலும் என் பணம் மூன்றே நாளில் திரும்பி வந்தது, அவர்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் இந்த மாதிரிச் செய்திகளை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். இத்தாலியின் பார்மா கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் ஐரோப்பியக் கோப்பைகளை அள்ளிய அணி. 2015 பிப்ரவரியில் உடினேசேயோடு சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய போட்டியையே நடத்த முடியவில்லை, காரணம் பாதுகாப்பு ஊழியர்களுக்குக் கொடுக்கக் காசு இல்லை. வீரர்கள் தங்கள் உடுப்பைத் தாங்களே துவைத்துக்கொண்டார்கள். உலகமே இதைப் படித்து "ஐயோ பாவம்" என்றது. சரி, வீரர் துவைக்கிறார் என்றால் அதுவரை துவைத்துக்கொண்டிருந்தவர் எங்கே போனார்? அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு செய்தியும் என் கண்ணில் படவில்லை.

மைதானத்தில் பதினோரு பேர் ஓடுவதற்குப் பின்னால் எத்தனை கை வேண்டும் என்பது ஆள் குறையும்போதுதான் தெரியும். வீரர்களின் காயத்தைக் கவனிக்கும் பிசியோ வேலையை விட்டுப் போனால் தசைப்பிடிப்போடு ஒருவரை இறக்குவார்கள், அவர் இரண்டு மாதம் படுத்துவிடுவார். பாதுகாப்பு ஊழியர்கள் போதவில்லை என்றால் கேலரியில் ஒரு பகுதியைப் பூட்ட வேண்டும், அப்போது டிக்கெட் வருமானம் இன்னும் குறையும், அதனால் அடுத்த மாதச் சம்பளமும் இழுக்கும். புதிய வீரர்களை வாங்கத் தடை விழுந்திருக்கும், ஆகவே பள்ளிப் பருவம் தாண்டாத பையன்களை இறக்குவார்கள். 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் போல்டன் அணி கவென்ட்ரிக்கு எதிராக இப்படித்தான் ஆடியது, சராசரி வயது 19, எப்படியோ 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள். அடுத்த இரண்டு லீக் போட்டியிலும் ஐந்தைந்து கோல் வாங்கினார்கள். நடுவில் டான்காஸ்டரோடு ஆட வேண்டிய போட்டியை, பையன்களின் உடம்பு தாங்காது என்று சொல்லி கிளப்பே தள்ளிவைத்தது. நான் அந்தப் பையன்களின் தகப்பனாக இருந்தால் அதற்கு நன்றிதான் சொல்லியிருப்பேன்.

இதில் எல்லோருக்கும் அடி ஒரே மாதிரி விழுவதில்லை என்பதுதான் என் வருத்தம். வீரர்களுக்கு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பாதுகாப்பு இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்து, 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் கேட்டும் வரவில்லை என்றால், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு கிளப்புக்குப் போகலாம். பயிற்சியாளர்களுக்கும் இது போன்ற விதி உண்டு. வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் புல் வெட்டுகிறவர் யாருக்கு 15 நாள் கெடு வைப்பார்? வைத்தாலும் அவரை வாங்க அடுத்த கிளப் வரிசையிலா நிற்கிறது?

இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. கிளப் நொடித்துப்போய் அதைத் திவால் நிர்வாகியிடம் ஒப்படைத்தால், வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் தர வேண்டிய பாக்கியை முழுசாகத் தீர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் லீக்கில் தொடர்வதே சிக்கல். ஆனால் சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவர், துப்புரவு ஒப்பந்தக்காரர், அச்சகக்காரர் எல்லாம் மிச்சம் மீதியில் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான், பவுண்டுக்குச் சில பென்ஸ் கிடைத்தாலே அதிர்ஷ்டம். 2007இல் லீட்ஸ் யுனைடெட் நொடித்தபோது, மைதானத்தில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு அமைப்பும் அந்தக் கடன்காரர் பட்டியலில் இருந்தது. மயங்கி விழுந்த ரசிகனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கே நாமம்!

சரி, ரசிகன் என்ன செய்வது? "டிக்கெட் வாங்குங்கள், ஜெர்சி வாங்குங்கள், கிளப்பைக் காப்பாற்றுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? நாம் கொடுக்கும் காசு எந்தக் கைக்குப் போகிறது என்று தெரியாமல் கொடுப்பதை நான் ஆதரவு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் ரசிகர்களிடமிருந்து இதை நான் கற்றுக்கொண்டேன். 2025இல் அந்தக் கிளப்பில் மாதத்துக்கு மாதம் சம்பளம் தாமதமானது, வீரர்களுக்கு மட்டுமல்ல, ஊழியர்களுக்கும். ரசிகர்கள் உரிமையாளரை வெளியேறச் சொன்னார்கள். ஆகஸ்டில் லெஸ்டர் மைதானத்தில் சீசனின் முதல் போட்டியில், ஆட்டம் தொடங்கிய பிறகும் இருக்கைக்கு வராமல் வெளியே நின்றார்கள். அக்டோபரில் மிடில்ஸ்பரோ போட்டியை மொத்தமாகப் புறக்கணித்தார்கள், மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 24 அன்று, கிளப் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. அதற்குத் தண்டனையாக 12 புள்ளி போய் கணக்கு மைனஸ் 6இல் நின்றது. அன்றைக்கே அதே ரசிகர்கள் கிளப் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள், மறுநாள் போட்டிக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நேற்று வரை காசை இறுக்கிப் பிடித்தவர்கள் இன்று அள்ளிக் கொடுக்கிறார்களே, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் ஒரு குழப்பமும் தெரியவில்லை. முன்பு அவர்கள் கொடுத்திருந்தால் அது உரிமையாளரின் பைக்குப் போயிருக்கும், நிர்வாகிகள் வந்த பிறகு கொடுத்தது கிளப்பை ஓட்டவும் ஊழியர்களின் சம்பளத்துக்கும் போனது.

ஆனாலும் புறக்கணிப்பு ஒன்றும் சாமானியமான முடிவு இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். மைதானம் காலியாக இருந்தால் அன்றைக்கு மட்டும் கூலிக்கு வரும் ஆட்களுக்கு வேலை இல்லை. தேநீர் விற்கிறவருக்கு வியாபாரம் இல்லை. உரிமையாளருக்கு வலிப்பதற்கு முன்னால் இவர்களுக்குத்தான் வலிக்கும். எனவே புறக்கணிக்கிற ரசிகர்கள் அந்த டிக்கெட் காசை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல், ரசிகர் சங்கத்தின் மூலம் ஊழியர் நலநிதி ஒன்றைத் தொடங்கி அதில் போட வேண்டும் என்பது என் கட்சி. நாங்கள் சிறிய அளவில் அப்படிச் செய்தோம். பெரிய தொகை இல்லை, சிலருக்கு ஒரு மாத வீட்டு வாடகைக்குச் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

இதையும் தாண்டி, கிளப்பையே வாங்கிய ரசிகர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் 2010இல் திவால் நடவடிக்கைக்குள் போனது, அந்த நாட்டின் உச்சப் பிரிவான பிரீமியர் லீகில் இருக்கும்போதே அப்படிப் போன முதல் கிளப் அதுதான். 9 புள்ளி வெட்டு, ஊழியர்கள் கொத்துக் கொத்தாக வேலையிழப்பு. கூத்து என்னவென்றால் அதே சீசனில் இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டி வரை போனார்கள். பேப்பரில் அந்த இறுதிப் போட்டிதான் பெரிசாக வந்திருக்கும். பின்னால் இன்னும் கீழே சரிந்து, 2013இல் ரசிகர்களே ஆளுக்கு ஆயிரம் பவுண்டு பங்கு போட்டுக் கிளப்பை வாங்கினார்கள். அடுத்த ஆண்டே பழைய கடனைத் தீர்த்தார்கள். 2017இல் அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவருக்கு விற்கலாம் என்று அவர்களே ஓட்டுப் போட்டு விற்றார்கள். விற்றிருக்கக் கூடாது என்று பேசுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. விற்கவோ மறுக்கவோ அவர்கள் கையில் ஓட்டு இருந்ததே, எத்தனை ரசிகர்களுக்கு அது கிடைக்கிறது?

ஸ்பெயினின் ரியல் ஒவியேடோ கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 2012 நவம்பரில் சுமார் 20 லட்சம் யூரோ கிடைக்காவிட்டால் கிளப்பை மூட வேண்டும் என்ற நிலை. ஒரு பங்கு 10.75 யூரோ என்று விற்றார்கள், அந்த ஊரையே பார்த்திராத ஆட்கள் உலகம் முழுக்க இருந்து வாங்கினார்கள். அங்கே வளர்ந்து வெளியே போன வீரர்கள் காஸோர்லா, மாட்டா, மிச்சு மூவரும் பணம் போட்டார்கள். மெக்சிகோவின் கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிமும் பிறகு 20 லட்சம் யூரோ போட்டார். காஸோர்லா 2023இல் திரும்பி வந்து குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடினார். 2025 ஜூனில், 40 வயதில், மேல் பிரிவுக்கு ஏறுவதற்கான கடைசி பிளே-ஆஃப் போட்டியில் கோல் அடித்து, 24 ஆண்டுக்குப் பிறகு அணியை முதல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பணம் இல்லாதவர்கள் உடம்பைக் கொடுக்கலாம் என்பார்கள். பெர்லினின் யூனியன் கிளப் ரசிகர்கள் அதைச் சொல்லுக்குச் சொல் செய்தார்கள், 2004இல் ரத்த தானம் கொடுத்து அதற்குக் கிடைத்த காசைக் கிளப்பிடம் கொடுத்தார்கள். 2008இல் மைதானத்தைப் புதுப்பிக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மண்வெட்டியும் கையுமாக வந்து, மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மணி நேரம் கூலியில்லாமல் உழைத்தார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இங்கிலாந்தின் பரி கிளப். 1885இல் தொடங்கி இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை ஜெயித்தது. 2019 ஆகஸ்ட் 27 அன்று, கிளப் கைமாறப்போகிறது, போட்டி நடக்கப்போகிறது என்று நம்பி ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து மைதானத்தைக் கழுவித் துடைத்தார்கள். வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள், அன்று இரவே லீக்கிலிருந்து கிளப்பை நீக்கினார்கள். அந்தத் துடைத்த இருக்கைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகும்.

தன்னார்வ வேலை என்றால் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு, அதற்குக் காரணம் வேறு. பத்துப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, "ரசிகர்களே வந்து உதவுங்கள்" என்று ஒரு கிளப் கூப்பிட்டால், நாம் பாசத்தோடு போய் நிற்கிற இடம் அந்தப் பத்துப் பேரின் வேலை. அப்புறம் கிளப் நிமிர்ந்த பிறகும் அந்த வேலை திரும்ப வராது, சும்மா செய்ய ஆள் இருக்கும்போது எதற்குச் சம்பளம் என்று விட்டுவிடுவார்கள். தவிர எல்லா வேலையையும் நாம் செய்யவும் முடியாது. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும், பையன்களின் அகாடமியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் பயிற்சியும் பின்புலச் சோதனையும் வேண்டிய வேலைகள், பாசம் இருந்தால் மட்டும் போதாது. வர்ணம் அடிக்கலாம், குப்பை பொறுக்கலாம், நோட்டீஸ் கொடுக்கலாம். போவதற்கு முன்னால், இது யாருடைய வேலை, அவருக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டதா என்று கிளப்பிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

இங்கிலாந்தில் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது, கிளப்புகளின் கணக்கையும் உரிமையாளர்களின் தகுதியையும் பார்க்கத் தனி ஒழுங்குமுறை ஆணையம். ஜெர்மனியில் 50+1 விதிப்படி பெரும்பாலான கிளப்புகளில் உறுப்பினர்கள் கையில்தான் பெரும்பான்மை ஓட்டு. நல்ல விஷயங்கள்தான். ஆனால் எந்தச் சட்டம் வந்தாலும் சம்பளம் எத்தனை நாள் தள்ளிப்போகிறது என்று முதலில் தெரிவது உள்ளே இருக்கிற சாதாரண ஊழியருக்குத்தான், அவரிடம் கேட்க ஒரு நிருபர் வேண்டும்.

அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த முறை எந்த நாட்டுக் கிளப்பாக இருந்தாலும், நொடித்துவிட்டது என்று செய்தி போடும்போது, புள்ளிக் கணக்குக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: எத்தனை ஊழியர்கள் வேலை இழந்தார்கள், மீதி இருப்பவர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி. ரசிகர் சங்கம் ஏதாவது நலநிதி நடத்தினால் அதையும் போடுங்கள், என்னைப் போல நாலு பேர் தேடிப்போய்க் கொடுப்பார்கள். எங்கள் கிளப்பில் அன்றைக்கு போன் எடுத்த அந்தப் பெண் இப்போது அங்கே வேலையில் இல்லை. நான் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகன்