மாமிக்கு, 17ஆம் கோப்பு பற்றி

மாமி,

சனிக்கிழமை காலை குருமண்வெளித் துறையால் வருகிறேன். வாவியைக் கடக்கிற முதல் பாதைப் படகைப் பிடித்தால் எட்டு மணிக்கு முன்னம் உங்கள் முற்றத்தில் நிற்பேன். கதவைத் திறக்காவிட்டாலும் சரி, திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கொண்டுவருவது ஒரு ஹார்ட் டிஸ்க். மூன்று வருடமாக உங்களை வைத்து எடுத்த படமெல்லாம் அதில் இருக்கிறது. என்னிடம் இருந்த பிரதியை நேற்று ராத்திரி அழித்துவிட்டேன். திரைப்பட விழாவுக்கு அனுப்பியதையும் வேண்டாம் என்று எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இதை வாசித்துக் காட்டப்போவது உங்கள் பேத்திதான். புள்ள, அவசரப்படாமல் வாசி. அம்மம்மாவுக்கு இடது காது மந்தம், வலப் பக்கமாக இரு.

இதை ஏன் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதவேண்டும் என்று உங்கள் மருமகன் கேட்பார். உங்களை வைத்து நான் வெட்டின அந்த மூன்று நிமிடத் துண்டும் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தானே ஓடியது. அதில் என்ன பிழை என்று உங்களுக்குத் தெரியும். பார்த்து அழுதவர்களுக்குத்தான் தெரியாது.

வேட்டியைத் திரையாகக் கட்டி உங்கள் முற்றத்தில் படம் போட்ட நாட்களைத்தான் இந்தக் கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இரவல் புரொஜெக்டர், வேம்பில் கட்டின ஒலிபெருக்கி. பொடியன்கள் சண்டைப் படம் கேட்பார்கள், நான் போடமாட்டேன், அரைவாசிப் பேர் எழும்பிப் போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் பன் புல்லுப் பாயைப் பின்னிக்கொண்டு கடைசி மட்டும் இருப்பீர்கள்.

பிரெஞ்சுக்காரி ஆக்னஸ் வர்தா 2000இல் எடுத்த படம் போட்ட இரவு ஞாபகம் இருக்கிறதா? அறுவடை முடிந்த வயலில் விடுபட்ட உருளைக்கிழங்கைப் பொறுக்குகிறவர்கள், சந்தை கலைந்த பிறகு எறிந்துவிட்டுப் போன காய்கறியை எடுக்கிறவர்கள். இவர்களைப் பற்றியும் ஒரு முழுப் படமா என்று எங்கள் பொடியன்களே சலித்துக்கொண்டார்கள். நான் விளக்கம் சொல்ல வாயெடுக்க, “போடியார்ர வயல்ல கதிர் பொறுக்கின எனக்கு நீ விளங்கப்படுத்தப் போறியா மனே” என்றீர்கள். மறுகா ஒரு இடம் வந்தது. எழுபதைத் தாண்டிய அந்த அம்மா ஒரு கையில் சின்னக் கேமராவைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் சுருக்கங்களைக் கிட்டவாக எடுக்கிறார். நீங்கள் பின்னுவதை நிறுத்திவிட்டு உங்கள் புறங்கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். “இதையெல்லாமா படம் எண்டு எடுக்கிற?” அது கேள்வியா வியப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

‘கூழாங்கல்’ போட்ட அன்றைக்கு நான் நீட்டிப் பேசினேன். பி. எஸ். வினோத்ராஜின் முதல் படம், 2021இல் ரொட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது என்றெல்லாம். யாரும் கணக்கெடுக்கவில்லை. குடிகாரத் தகப்பனும் மகனும் வெயிலுக்குள் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. தாகத்துக்குப் பொடியன் ஒரு கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை, ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் கற்களோடு வைக்கிறான். “ஐயோ, இத்தின தரம் நடந்திருக்கான்” என்று இருட்டுக்குள் உங்கள் குரல்தான் முதலில் கேட்டது. எனக்கு அது இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பிடிபட்டது. சொன்னால் வெட்கம், அதனால் அன்றைக்குச் சொல்லவில்லை.

‘புரஹந்த களுவர’ போட்ட இரவைப் பற்றி எழுதமாட்டேன். படத்தை மட்டும் சொல்கிறேன். பிரசன்ன விதானகே 1997இல் எடுத்தது. ராணுவத்துக்குப் போன மகன் மூடி முத்திரையிட்ட பெட்டியில் வீட்டுக்கு வருகிறான். கண் தெரியாத தகப்பன் அவன் செத்ததாக ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார், நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்தும் வைக்கமாட்டேன் என்கிறார். 2000இல் அரசாங்கம் படத்தைத் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் சொல்லித்தான் திரைக்கு வந்தது. நீங்கள் சிங்களம் விளங்குகிற ஆள். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த நாள் காலையில் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டீர்கள். “உலகத்தில இத்தின விதமாப் படம் எடுக்கிறானுகள். எங்கட ஊருக்கு வாறவனுகள் மட்டும் ஏன் மனே ஒரே படத்தை எடுக்கிறானுகள்?”

நான் சிரித்துச் சமாளித்தேன். வேறென்ன செய்ய? மட்டக்களப்பில் ரயிலால் இறங்குகிறவர்களுக்கு ஒரு பாதை கீறிக் கிடக்கிறது. காலையில் கல்லடிப் பாலத்தில் ஒரு ஷொட், பாடும் மீனைப் பற்றி இரண்டு வரி. மத்தியானம் பிள்ளையைத் தேடுகிற ஒரு தாய். பின்னேரம் நாவலடிக் கடற்கரை, 2004 டிசம்பர் சுனாமி. ராத்திரி ரயிலில் திரும்பிவிடலாம். வெளியாட்களைச் சொல்லி என்ன, நானும் அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பணம் கேட்டு நிரப்புகிற படிவத்தில் ‘கதை என்ன’ என்று ஒரு கட்டம் இருக்கும் மாமி. அதில் ‘வீடியோ டெக் வாடகைக்கு விட்ட ஒரு பொம்பிளை’ என்று எழுதி அனுப்பினால் யார் பணம் தருவான்?

அந்தத் தாய்மாரின் கதைகள் போதும் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை. கூடவே, எது காட்டப்படலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் கொழும்பில் மட்டும் இருக்கிறார்கள் என்றும் இல்லை. ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’, எங்கள் இயக்கங்களையும் கேள்வி கேட்கிற ஆவணப்படம், 2017இல் கான் விழாவில் ஓடியது. அடுத்த வருடம் யாழ்ப்பாணத்து விழாவில் எதிர்ப்பு வந்ததால் எடுத்துவிட்டார்கள். அது நல்ல படமா கெட்ட படமா என்பது வேறு விஷயம், பார்த்துவிட்டாவது திட்டியிருக்கலாம். சரி, இதை நீட்டினால் வாசிக்கிறவர்கள் உங்களை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் மாமி, நீங்கள் மட்டும் என்ன திறம்? அந்த வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர் வந்தபோது காணாமல் போன மகனின் போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்க்கிறவருக்கு இடைவெளி விட்டு விட்டு, இருபது நிமிடம் எல்லாம் சொன்னீர்கள். நான் பக்கத்து வளவில் வளர்ந்தவன். அந்தச் சின்னண்ணன் தோளில் ஏறி மண்டூர்த் திருவிழா பார்த்தவன். மூன்று வருடம் வந்தேன். பெற்றோல் இல்லாத 2022இல் சைக்கிளில் வந்தேன். எனக்குத் தேத்தண்ணியும் ‘கேமராவ வை, முதல்ல சாப்பிடு’வும்தான். எனக்கு அழுகை வேண்டும் என்று கேட்கவில்லை, ஒரு வார்த்தை கேட்டேன். எத்தனை நாள் உங்கள் மேல் கோபத்தோடு பாதையில் திரும்பினேன் தெரியுமா? அந்தத் தொலைக்காட்சிக்காரர் இனித் திரும்பி வரமாட்டார் என்பதால்தான் அவருக்குச் சொல்ல முடிந்ததோ என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

2022 மார்ச் கடைசி. நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. நான் வந்தபோது என் பற்றரியில் அரைவாசிதான் இருந்தது, அதைச் சொல்லி முணுமுணுத்தேன். “கரண்ட் இல்லாட்டி என்ன, கரண்ட் இல்லாமலே படம் ஓட்டின ஆக்கள் நாங்க” என்று தொடங்கினீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குக் கரண்ட் எட்டாத காலம், 1994. டெக்கைப் பாய்க்குள் சுருட்டிப் பாதையில் ஏற்றியது. அதற்கு மேல் தயிர்ச்சட்டி அடுக்கியது. ஆளுக்கு 5 ரூபா, காசில்லாதவருக்கு ஒரு கொத்து நெல். ஜெனரேட்டர் சத்தத்தில் வசனம் கேட்காமல், போன கிழமை பார்த்தவர்களே எழும்பி நின்று வசனம் சொன்னது. டெக்கின் ஹெட்டில் தூசி பிடித்துப் படம் மழையாகப் பெய்கிறபோது, கடதாசித் துண்டில் ஓடிக்கொலோன் தொட்டுத் துடைப்பது. அந்த மணம் வந்தால் படம் திரும்பத் தெளியப்போகிறது என்று முற்றமே அமைதியாகிவிடுமாம்.

மறுகா அந்தக் கலியாணக் கொப்பி. சாமிப் படம் என்று நம்பி வாங்கின வீடியோ கசெட், அரைவாசியில் முருகன் மறைந்து யாரோ முன்பின் தெரியாத ஊர்க் கலியாணம். பழைய கொப்பியில் யாரோ மேலே பதிந்திருக்கிறார்கள். சனம் கத்தும் என்று நீங்கள் பயந்தால், ஒருத்தரும் எழும்பவில்லை. மாப்பிள்ளையின் காதைப் பற்றிக் கதைத்து, பொம்பிளையின் கூறைக்கு விலை போட்டு, பந்தியில் யாருக்குக் கறி போதவில்லை என்பது வரை பார்த்து, அடுத்த கிழமை அதையே திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்களாம். எங்கள் ஊரில் ஓடின முதல் ஆவணப்படம் அதுதான் மாமி. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, சீலைத் தலைப்பை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டீர்கள்.

அதைத்தான் எடுத்தேன். சத்தத்தை அணைத்து, வேகத்தைக் குறைத்து, கீழே வயலினை விட்டு. கொழும்பில் ஒரு மண்டபத்தில் அது ஓடியபோது முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். யாரோ வாட்ஸப்பில் அனுப்பி உங்கள் மருமகன் காட்டினார். “நான் எப்ப அழுதன்?” என்று கேட்டீர்களாம். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குச் சாட்டு இல்லாமல் இல்லை. ஆவணப்படத்துக்குத் தகப்பன் என்று சொல்லப்படுகிற ஃபிளஹேர்ட்டியே 1922இல் ‘நானூக் ஆஃப் த நோர்த்’ படத்தில் வடதுருவப் பக்கத்து இனுயிட் மனிதர் ஒருவரை வைத்து இதைச் செய்திருக்கிறார். துவக்கு வைத்து வேட்டையாடத் தெரிந்தவர் கையில் ஈட்டியைக் கொடுத்தார். கிராமபோனைத் தெரிந்தவரை, தெரியாத மாதிரி இசைத்தட்டைக் கடிக்கவைத்தார். டெக்கின் ஹெட்டைத் துடைக்கத் தெரிந்த மனுசி நீங்கள். உங்களை நான் தட்டைக் கடிக்கவைத்தேன். ஈரானில் கியாரொஸ்தமி ‘க்ளோஸ்-அப்’ படத்தின் கடைசியில் இரண்டு பேர் கதைக்கிறதன் சத்தத்தை வேண்டுமென்றே வெட்டி வெட்டி விட்டுவிட்டு, மைக் பழுது என்று சாட்டு வைத்தார். அதை வைத்து எத்தனை தரம் எனக்கு நானே நியாயம் சொல்லியிருக்கிறேன். அவர் அந்த இரண்டு பேரையும் தனியாக விட்டார். நான் உங்கள் சிரிப்பை மறைத்தேன். இரண்டும் ஒன்றா?

இது உங்களுக்குத் தெரிந்த பிழை. தெரியாதது ஒன்று இருக்கிறது.

போன கிழமை விழாவுக்கான நீளப் படத்தை வெட்டும்போது 17ஆம் கோப்பை முதல் தடவையாகச் சத்தத்தோடு கடைசி வரை பார்த்தேன். முன்னம் முகம் தேடித்தானே பார்த்தேன், சத்தம் எதற்கு. சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்து, பன்னைத் திரும்பக் கையில் எடுத்துவிட்டுச் சொல்கிறீர்கள்: “அந்தக் கலியாணக் கொப்பியத் திரும்பப் போட்ட ராவுதான் மனே, சின்னவன் ஓடிக்கொலோன் போத்தல எடுத்துக்கொண்டு”

அத்தோடு முடிகிறது. நான் அமத்திவிட்டேன். பற்றரியில் ஒரு கோடுதான் மிச்சம், நீங்கள் டெக் கதையை விடுகிறதாக இல்லை, எனக்கு வேண்டியதற்குச் சார்ஜ் இருக்கவேண்டுமே என்ற பதற்றம். அந்தச் சின்னக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ‘சின்னவன்’ காதில் விழவேயில்லை. அமத்திவிட்டு நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. “மாமி, இதைப் பிறகு எடுப்பம். சின்னண்ணனைப் பற்றிச் சொல்லுங்க.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மறுகா பன்னைப் பார்த்தீர்கள். “பன் காயுது, தண்ணி தெளிக்கோணும்” என்று எழும்பிப் போய்விட்டீர்கள். கிணற்றடியில் வெகுநேரம் நின்றீர்கள். மூன்று வருடம் நான் கேட்டுக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் நீங்கள் வந்துகொண்டிருந்திருக்கிறீர்கள், உங்கள் துறையால்.

டெக்கை யார் எடுத்துக்கொண்டு போனார்கள், சின்னண்ணனை யார் கடைசியாகக் கண்டார்கள் என்பதெல்லாம் இங்கே வராது. ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். நீங்கள் அந்த இரவைப் பற்றி மற்ற நாட்களில் கேமரா இல்லாமல் சொன்னதும் வராது.

மிச்சத்தைக் கேட்க நான் வரவில்லை. கேமரா கொண்டுவரமாட்டேன். கொண்டுபோனால் என்ன என்று ராத்திரி ஒரு மனம் கேட்டது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் சுவிஸிலிருந்து எழுதின மடலுக்குத் தனியாகப் பதில் போட்டிருக்கிறேன். அவர் கேட்டதில் பாதி நியாயம், பாதி என்னைத் தெரியாமல் கேட்டது.

புள்ள, இது உனக்கு. டிஸ்க்கை டிவிக்குப் பின்னால் செருகினால் வேலை செய்யும். மொத்தம் 23 கோப்புகள். அம்மம்மா கோழிக்குத் தீன் போடுகிறது, கண்ணகி சடங்கில் குளுத்திக்கு அரிசி புடைக்கிறது, உன்னை ஏசுகிறது எல்லாம் இருக்கிறது. 17ஐப் போடும்போது சத்தத்தைக் கூட்டி வை. 41ஆவது நிமிடத்தில் பேச்சு நடுவில் நின்றுவிடும். டிவி பழுதில்லை, நான்தான் நிறுத்தினது.