திட்டு கிராமங்களைச் சமவெளி என்று கணக்கெடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொள்ளிடத்தில் தண்ணீர் வரும்போதெல்லாம் எங்கள் பக்கத்துப் படம் ஒன்று பத்திரிகையில் வந்துவிடும். படகில் ஒரு பாட்டி, மடியில் ஆட்டுக்குட்டி, பின்னால் இடுப்பளவு தண்ணீரில் ஒரு வீடு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மதகுகள் அடித்துப் போனபோதும் வந்தது, 2022 ஆகஸ்டில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியபோதும் வந்தது. குறை சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அரிசியும் பாயும் வருகின்றன. ஆனால் தண்ணீர் வடிந்த மறுநாளும் நாங்கள் அங்கேதான் இருக்கிறோம், அன்றைக்கு எங்களுக்கு என்ன குறை என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

சிதம்பரத்துக்குத் தெற்கே பழைய கொள்ளிடம், கொள்ளிடம் என்று இரண்டு ஆறு. நடுவே கிடக்கும் திட்டுகளில் ஒன்று எங்கள் ஊர். பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், திட்டுக்காட்டூர் என்று வெள்ளச் செய்தியில் வரும் பெயர்களெல்லாம் இந்த வட்டாரம்தான். தென்கரையில், மயிலாடுதுறை மாவட்டத்து நாதல்படுகைக்காரர்களிடமும் முதலைமேட்டுத்திட்டுக்காரர்களிடமும் கேட்டுப் பாருங்கள், இதே பாட்டுதான் பாடுவார்கள். நான் குட்டியானை ஓட்டுகிறேன். விடியுமுன் பூ, அப்புறம் கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு. திரும்பும்போது உரம், சிமெண்ட், கேஸ் அடுப்பு, கல்யாணப் பாத்திரம், எது கிடைக்கிறதோ அது. என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். ரோடு காண்ட்ராக்ட் எடுப்பவர்களும் எனக்கு லோடு கொடுப்பவர்கள்தான்.

ஊர் பெருத்துவிட்டது, ரோடு பெருக்கவில்லை. இதைச் சொன்னால் உடனே மக்கள்தொகையைக் கேட்கிறார்கள். தலைகள் ஒன்றும் அப்படிக் கூடிவிடவில்லை. இளவட்டங்களில் பலர் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் கூரைவீடு மாடிவீடு ஆகிறது. அண்ணன் தம்பி தனித்தனி உலை வைத்து, ஒரு ரேஷன் கார்டு மூன்றாகிறது. சைக்கிள் சாய்த்திருந்த திண்ணையோரம் இப்போது இரண்டு பைக். முன்பு பிள்ளைகள் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள், இப்போது வீட்டு வாசலில் வேன் வந்து நிற்க வேண்டும். போனில் ஆர்டர் போட்ட புடவை, மிக்சி எல்லாம் பார்சல்காரன் கொண்டுவருகிறான். பூவும் அப்படித்தான். கூடையில் சுமந்து போய் பஸ் ஏறிய காலம் போய், தோட்டத்து முனையிலேயே வண்டி வேண்டும் என்கிறார்கள். மொட்டு விரிந்துவிட்டால் பாதி விலைக்குக் கேட்பான், அவர்கள் அவசரம் அவர்களுக்கு.

இத்தனையும் ஓடுவது 3 மீட்டர் தார் ரோட்டில். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் விதியை ஒரு இளநிலைப் பொறியாளர் எனக்கு விளக்கினார், நல்ல மனுஷன். 2000-ல் திட்டம் தொடங்கியபோதே சொல்லிவிட்டார்களாம்: சமவெளியில் 500 பேர் வசிக்கும் குடியிருப்புக்கு இணைப்புச் சாலை, மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதி என்றால் 250 பேர் இருந்தாலே போதும். தார் அகலம் 3.75 மீட்டர். நாளொன்றுக்கு நூறு மோட்டார் வண்டிக்கும் குறைவாக ஓடும் ரோட்டுக்கு 3 மீட்டர் போதும். எங்கள் ரோடு யார் பணத்தில் போட்டதோ, அகலம் அந்த 3 மீட்டர் கணக்குதான். நூறு வண்டிக்குக் குறைவு என்று எப்போதோ எழுதியிருப்பார்கள். அப்போது அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

என் வண்டி ஒன்றரை மீட்டர் அகலம். எதிரே வரும் பள்ளி பஸ் இரண்டு மீட்டருக்கு மேல். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், யாரோ ஒருவர் தாரை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கும் இடம் ஆற்று வண்டல். கத்தரிக்கு அது தங்கம், டயருக்கு ஆகாது. மழை பெய்த மறுநாள் இறங்கினால் டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். அதனால் யார் ரிவர்ஸ் எடுப்பது என்று எங்களுக்குள் ஒரு சட்டமே இருக்கிறது. பூ வண்டிக்கு மற்ற வண்டி ஒதுங்கணும். பள்ளி வேனுக்குக் காலி வண்டி ஒதுங்கணும். 108 வந்தால் எல்லாரும் ஒதுங்கணும். மணல் டிராக்டர் மட்டும் யாருக்கும் ஒதுங்காது, அதற்கு வேறு சட்டம்.

போதாததற்கு வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் போடத் தோண்டினார்கள். குழாய் நல்லதுதான், வேண்டியதுதான். தோண்டிய பள்ளம் முழுக்கத் தாரை ஒட்டியே போனது. மூடியபோது மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மழைக்கு ஓரம் சரிந்தது, இன்னொரு மழைக்குத் தாரில் ஒரு சாண் போனது. இப்போது சில இடங்களில் 3 மீட்டரும் இல்லை.

வீடு கட்டுகிறவர்கள் பாடு இன்னொரு விதம். அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம். மெயின் ரோட்டோரம் கட்டினாலும் அதே தொகை, திட்டில் கட்டினாலும் அதே தொகை. ஜல்லி லாரி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், சிறு பாலமும் வளைவும் தாங்காது. கொட்டி, திரும்ப அள்ளி, என் வண்டி மாதிரி ஏதாவது ஒன்றில் நடை நடையாக அடிக்க வேண்டும். எனக்கு அது வாடகை, வேண்டாம் என்று சொல்வேனா? கட்டுகிறவனுக்கு லிண்டல் மட்டத்திலேயே கை காய்ந்துவிடுகிறது. எங்கள் தெருவில் மேலே ஒன்றும் வைக்காமல் நிற்கும் சுவர்களைப் பார்த்து, சோம்பேறித்தனம் என்று அதிகாரி ஒருவர் சொன்னார். கூலியைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

நான் சொல்லவந்த விஷயம் இனிமேல்தான். எங்களுக்கு ரோடு அகலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் முடிவு செய்யும் விதிகளில் நாங்கள் சமவெளி. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை, பழங்குடிப் பகுதி, எளிதில் போய்ச்சேர முடியாத பகுதி என்றால் 3,000 பேருக்கு ஒன்று. இந்த மூன்றாவது வகையில் ஆற்றுத் திட்டு ஏன் சேரவில்லை? ஜவ்வாது மலைக்காரன் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் ஊர் தட்டையாக இருக்கிறது, அதனால் எளிது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மேட்டூர் 120 அடியைத் தொட்டு உபரியைத் திறந்தால் அது காவிரியில் அடங்காது, முக்கொம்பில் பிரித்து கொள்ளிடத்தில் விடுவார்கள். கீழணையைத் தாண்டி எங்கள் மேல்தான் வரும். உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாமல், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் துண்டிக்கப்படுவோம். அப்போது எந்த மலைக்கு நாங்கள் இளைத்தவர்கள்?

தூரமும் அப்படித்தான் அளக்கிறார்கள். தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள், எட்டாவது வரை 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு வைத்திருக்கும் விதி. வரைபடத்தில் ஆற்றின் மேல் ஸ்கேல் வைத்தால் எல்லாமே பக்கம்தான். குழந்தை ஆற்றின் மேல் நடக்க முடியாது. பழைய கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பது சிதம்பரத்தில் எல்லாருக்கும் தெரியும். குளிக்கப் போனவர்களைக் கடித்திருக்கிறது, வனத்துறை பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுகிறது. ஆடு மேய்ப்பவர்கள்கூட அதை அறிந்துதான் தண்ணீரில் கால் வைக்கிறார்கள். அளக்கிறவர் பாலத்தைச் சுற்றிப் போய் அளக்கட்டும்.

அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. மாவட்டத்துக்கே பெரிய ஆஸ்பத்திரி, எங்களுக்குக் கூப்பிடு தூரம். இருந்தும் ஆடி பிறந்தால் மாசமாக இருக்கும் பெண்களைக் கரையோர உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இது எந்த அரசாணையிலும் இல்லை, எங்கள் வீட்டுப் பெரிய மனுஷிகள் போட்ட ஏற்பாடு. செவிலியர் அம்மா வாரம் தவறாமல் வருகிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் எத்தனை ஊரைப் பார்ப்பார்? ஆடி முதல் கார்த்திகை வரைக்குமாவது ஒருவரைத் திட்டிலேயே தங்க வைத்தால் போதும். ரேஷன் அரிசியையும் அதேபோல் ஆடிக்கு முன்பே இரண்டு மாதத்துக்குச் சேர்த்து இறக்கலாம். வெள்ளத்தில் படகில் ஏற்றிக்கொண்டு வரும் செலவை நினைத்தால் இது மலிவு.

தண்ணீரைப் பற்றி எழுதினால் கடிதம் நீண்டுவிடும். கீழணையிலிருந்து வடவாற்றில் வந்து வீராணத்தில் சேரும் தண்ணீர் 2004-லிருந்து குழாயில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சென்னைக்காரர்களின் தாகம் தீர்க்கிறது. நல்ல காரியம். அதே ஆற்றின் கடைசியில், கோடையில் கடல்நீர் ஏறி எங்கள் போர் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. ஆதனூர் குமாரமங்கலம் கதவணை எங்களுக்கு மேலே இருக்கிறது, அதற்குக் கீழே உப்பைத் தடுக்க ஒன்றுமில்லை. இதை விவசாயச் சங்கத்தார் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள்.

வெள்ளம் வரும் இடத்தில் ஏன் குடியிருக்கிறீர்கள், கரைக்கு வந்துவிடுங்கள் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். வந்தால் வீட்டுமனை கிடைக்கலாம், தோட்டம் கிடைக்குமா? தோட்டத்துக்குத் தினமும் மூன்று மணிக்கு அக்கரையிலிருந்து பூப்பறிக்க வருவது யார்? இந்த வண்டலை விட்டுவிட்டுப் போனால் நாங்களும் திருப்பூருக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு வழிச்சாலை கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரிலேயே அதற்கு எதிர்ப்பு இருக்கிறது. அகலமாகப் போட்டால் மணல் லாரி நேராகப் படுகைக்கே இறங்கும், பின்னாலேயே மனை போடுகிறவன் வருவான் என்று என் மாமா சொல்கிறார். அவர் பயம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். தாரை 3.75 மீட்டர் ஆக்கி, ஓரத்தில் கப்பி போட்டு இறுக்கி, இருநூறு மீட்டருக்கு ஓர் இடத்தில் எதிர்வண்டி ஒதுங்க அகலம் விட்டால் எங்களுக்குப் போதும். பாலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியை உயர்த்த வேண்டும், அங்கேதான் முதலில் தண்ணீர் ஏறுகிறது. உயர்த்தும்போது அடியில் தண்ணீர் போக வழி விடாவிட்டால் ரோடே அணையாகி மேல்பக்கத்துத் தோட்டங்களை முக்கிவிடும். வரைபடம் போடுகிறவர் அங்குள்ள தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

இதையெல்லாம் கிராம சபையில் தீர்மானமாகப் போட்டோம். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்த பிறகு தனி அலுவலரிடம்தான் மனு கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு இன்னும் எத்தனையோ ஊர். மனுவுக்கு வந்த பதிலில், போக்குவரத்து அடர்த்தி குறைவு என்று ஒரு வரி இருந்தது.

அந்த அடர்த்தியை எப்படி எண்ணினார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சித்திரை வெயிலில் இரண்டு தம்பிகள் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். பூ வண்டிகள் ஐந்து மணிக்குள் போய்விடும். பள்ளி வேன்கள் எட்டரைக்குள் போய்விடும். கோடை விடுமுறையில் வேனே கிடையாது. அவர்கள் எண்ணியது ஐஸ்காரனையும் இரண்டு மாட்டு வண்டியையும்தான் இருக்கும். தம்பிகள் மேல் கோபமில்லை, அவர்களுக்குச் சொன்ன நேரம் அது.

மாவட்ட நிர்வாகத்துக்கு உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு வேண்டுகோள். கொள்ளிடத் திட்டு ஊர்களை எளிதில் போய்ச்சேர முடியாத பகுதி என்று அறிவிக்கப் பரிந்துரை செய்யுங்கள். 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கு இன்னும் வரவில்லை, 2027 என்கிறார்கள், அதுவரை காத்திருக்காமல் கார்டுகளையும் வண்டிகளையும் வைத்தே இதைச் செய்யலாம். இரண்டாவது, எங்கள் ரோட்டில் மறுபடி வண்டி எண்ணுங்கள். பள்ளி நடக்கும் மாதத்தில், முகூர்த்த நாளுக்கு முதல்நாள் எண்ணுங்கள், விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்குங்கள். எண்ண வருகிறவர்கள் முந்தின இரவே வந்து தங்கட்டும். இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
திட்டு ஊர் வேன் ஓட்டுநர் ஒருவர்,
சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.