ஹார்டனர் உலர வைக்கும் மருந்து அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த 5ஜி கட்டுரையை ஸ்ரீராமபுரத்து டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் சர்க்யூட் போர்டைப் பற்றிய ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. போர்டின் கண்ணாடி இழைத் துணியைப் பிணைக்கும் எபாக்சி பிசின் சீக்கிரம் உலர்வதற்காக, ஹார்டனர் என்ற இரண்டாவது சேர்மானத்தைச் சேர்க்கிறார்களாம். பீன்யாவில் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில், அடுக்குகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் பிரஸ் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். அதை அப்படியே விட மனசு வரவில்லை.

பெயின்ட் உலரும், அதிலுள்ள தின்னர் ஆவியாகிப் போவதால். எபாக்சி இறுகுவது அப்படி அல்ல. ஹார்டனர் பிசினோடு வினைபுரிந்து, அதன் உடம்பிலேயே ஒரு பங்காகி நிரந்தரமாகத் தங்கிவிடும். எங்கள் வீட்டு அலமாரிக் கதவைச் சரி செய்ய வந்த தச்சர், 'சீக்கிரம் பிடிக்கட்டும் சார்' என்று அரால்டைட் எபாக்சிப் பசையில் ஹார்டனரை இரண்டு பங்கு பிதுக்கினார். மறுநாள் பார்த்தால் நகத்தால் கீறும் அளவுக்குக் குழைந்து கிடந்தது. அளவு தவறினால் அப்படித்தான். எந்த ஹார்டனர் போடுகிறோமோ, அதன் குணம் போர்டின் ஆயுசு முழுக்கக் கூடவே வரும்.

5ஜிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், அதுதான் அந்தக் கட்டுரை சொல்லாமல் விட்டது.

எபாக்சி மூலக்கூறின் நுனியில் இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன் சேர்ந்த சின்ன முக்கோண வளையம் இருக்கிறது. வழக்கமான அமீன் ஹார்டனரோ, ஃபீனால் ஹார்டனரோ அந்த வளையத்தை உடைத்துத் திறக்கும்போது, ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சில் ஆகிவிடும். பிசின் இறுக இறுக இந்த ஹைட்ராக்சில்கள் போர்டு முழுக்கப் பெருகும். செம்பில் நன்றாக ஒட்டுவதற்கு அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதும் அவைதான். சிக்னல் வேகமாகத் திசை மாறும்போது கூடவே ஆடி, அதன் சக்தியை வெப்பமாக்கி விழுங்குவதும் அவைதான். அதிர்வெண் ஏற ஏற இந்த இழப்பும் ஏறும். எஃப்ஆர்-4 என்ற சாதாரண கண்ணாடி இழை-எபாக்சி போர்டில் இழப்பு எண், அதாவது சிக்னல் சக்தியை எவ்வளவு விழுங்கும் என்று காட்டும் அளவு, சுமார் 0.02. பழைய ரேடியோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 26 கிகாஹெர்ட்ஸ் 5ஜிக்கும் காரில் வைக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கும் தாங்காது.

ஈரத்தின் கொடுமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரொம்ப நாள் டைசி என்ற அமீன் வகை ஹார்டனர் போட்ட லேமினேட்தான், அதாவது போர்டு செய்யும் செம்பு ஒட்டிய தகடுதான், எங்களுக்கு வரும். 2006 ஜூலையில் ஐரோப்பா எலக்ட்ரானிக்ஸ் பொருள்களில் ஈயத்துக்குத் தடை போட்டதும், பாகங்களைப் பற்றவைக்கும், 183 டிகிரியில் உருகிய பழைய ஈயச் சோல்டர் போய், 217 டிகிரி வாக்கில் உருகும் புதுசு வந்தது. அந்த வருட மழைக்காலத்தில் போர்டுக்குள் இருந்த ஈரம் சோல்டர் சூட்டில் ஆவியாகி, பூரி மாதிரி உப்பிக்கொண்டு லேயர்கள் பிரிந்துவிட்டன. ஓவனில் 120 டிகிரியில் மணிக்கணக்காகக் காயவைத்துத்தான் அனுப்பினோம். அப்புறம்தான் சூடு தாங்கும் ஃபீனால் ஹார்டனர் லேமினேட்டுக்கு மாறினோம். உப்பல் குறைந்தது. ஹைட்ராக்சில் மட்டும் போகவில்லை.

அதைப் போக்க வந்ததுதான் ஆக்டிவ் எஸ்டர் ஹார்டனர். யோசனை எளிமையானது, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். ஃபீனாலில் இருக்கும் ஹைட்ரஜனை முன்கூட்டியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அசைல் தொகுதி என்ற ஒரு அமிலத் துண்டை மாட்டி, எஸ்டர் என்ற சேர்மமாக்கி விடுகிறார்கள். இப்போது எபாக்சி வளையம் திறந்தால் ஆக்சிஜனுக்குப் பிடித்துக்கொள்ள ஹைட்ரஜன் கிடைக்காது. எஸ்டரின் அசைல்தான் வந்து உட்காரும். ஹைட்ராக்சில் உண்டாக வேண்டிய இடத்தில் எஸ்டர் உண்டாகிவிடும். தண்ணீரோ வேறு வாயுவோ வெளியேறுவதில்லை என்பதால் பிரஸ்ஸில் குமிழி பயமும் குறைவு. இழப்பு எண் 0.01-க்குக் கீழே இறங்கிவிடும். ஈரம் குடிப்பதும் குறையும்.

சும்மா வந்துவிடுமா? இமிடசோல் மாதிரி வினையூக்கி இல்லாமல் இது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஹைட்ராக்சில் குறைந்ததால் செம்பில் ஒட்டும் பிடிப்பும் குறையும். இழப்பைக் குறைக்கச் செம்புத் தகட்டையும் வழவழப்பாக்குகிறார்கள். பிடிப்புக்கு அது இன்னொரு சோதனை. டெஃப்லானில் இழப்பு இதைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் டெஃப்லானைத் துளை போட்டுச் செம்பு ஏற்றிப் பார்த்தவர்கள் எபாக்சியைக் கும்பிடுவார்கள்.

இன்னொரு வேடிக்கை. கம்ப்யூட்டர் புராசசருக்கு அடியில் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைச் செய்வது, ஃபிரைடு ரைஸில் தூவும் அதே அஜினோமோட்டோ கம்பெனி. அவர்களுடைய காப்புரிமைகளில் ஆக்டிவ் எஸ்டர் என்ற பேர் அடிக்கடி வரும்.

மத்திய அரசு 2025-இல் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகத் தயாரிப்புக்கு 22,919 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தபோது உங்கள் பத்திரிகையும் பெரிதாகப் போட்டது. சரி, சந்தோஷம். லேமினேட் இங்கே வரட்டும். அதற்குள் போகும் பிசினையும் ஹார்டனரையும் யார் செய்வார்கள் என்று ஒரு நிருபராவது கேட்கலாம் இல்லையா? சிப்பைப் பற்றிப் பத்துக் கட்டுரை வந்தால் வேதியியலைப் பற்றி ஒன்றாவது வர வேண்டாமா?

இப்போதைக்கு அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட்டால் போதும். 2006-இல் உப்பிப்போன போர்டு ஒன்று இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரஸ் பிரிவு ஊழியர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு