அந்த ஒரு ‘என்றாலும்’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். நம் பேப்பரில் அவரைப் பற்றி வந்திருக்கிறதே என்று ஆசையாகப் படித்துக்கொண்டே வந்தால், கடைசிப் பத்தியில் ‘கடற்படைக்காரர் என்றாலும் மனிதநேயம் மிக்க நீதிபதியாக விளங்கினார்’ என்று ஒரு வரி. அந்த ‘என்றாலும்’ எனக்கு மூன்று நாளாக முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதற்கு முந்தின நாள், 1941 டிசம்பர் 6-ஆம் தேதி கடற்படையில் சேர்ந்தவர் அவர். ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பிரிவில் வேலை. அதற்குத்தான் வெண்கல நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள், அதைக் கூட நீங்கள் போடவில்லை. 1943-இல் ஜப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் யமமோட்டோ எந்த விமானத்தில் எந்த வழியாக வருகிறார் என்று செய்தியைப் படித்து வைத்துத்தான் சுட்டு வீழ்த்தினார்கள். ஊரே கொண்டாடியபோது, பேர் குறித்து ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறோமே என்று ஸ்டீவன்ஸுக்கு உறுத்தியது. மரண தண்டனையைப் பற்றித் தன்னை யோசிக்க வைத்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1976-இல் அந்தத் தண்டனை செல்லும் என்று தீர்ப்பெழுதியவர்களில் ஒருவரான அவரே, 2008-இல் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று எழுதினார். கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவின் கைதிகளை விசாரிக்க ஜனாதிபதி அமைத்த ராணுவக் கமிஷன்கள் செல்லாது என்று 2006-இல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியதும் அவர்தான். இதெல்லாம் ராணுவ உடையைக் கழற்றிய பிறகு புதிதாக வந்த குணமா ஐயா?

நான் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 17 வருஷம் இருந்தேன். காஷ்மீரில் ஒரு ராத்திரி ரேடியோ செட்டில் உட்கார்ந்திருந்தேன். இறந்த ஒருவரின் விவரம் வந்தது. பேரைத் தப்பில்லாமல் எடுக்க வேண்டும் என்பதால் ஆல்ஃபா, பிராவோ என்று எழுத்து எழுத்தாகத்தான் சொல்வார்கள். நான்காவது எழுத்து வரும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நாங்குநேரிப் பக்கத்துப் பையன், லீவுக்கு ரெண்டு பேரும் ஒரே ரயிலில் வந்திருக்கிறோம். கை நிற்கக் கூடாது, மீதி எழுத்துகளையும் எழுதி, ஒரு முறை திருப்பிப் படித்துக் காட்டி, அப்புறம்தான் செட்டை அடுத்தவனிடம் கொடுத்தேன். உயிரின் மதிப்பு எங்களுக்குத் தெரியாது என்று சொல்பவர்களுக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போரிலிருந்து திரும்பியவர்களைப் படிக்க வைக்க அமெரிக்காவில் 1944-இலேயே சட்டம் போட்டார்கள். ஸ்டீவன்ஸ் சட்டம் படித்ததும் அந்த உதவியில்தான். நான் பென்ஷனில் ஊருக்கு வந்த முதல் வாரம் என்னிடம் கேட்டது, ‘ஏடிஎம் வாசலுக்கு ஆள் வேணுமாம், வாரியளா?’ என்பதுதான். வீட்டு வாடகைக்குப் போனால் ‘மிலிட்டரிக்காரரா, கோபம் வருமே’ என்றார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால், ‘அண்ணாச்சி, கேன்டீன்ல சரக்கு கிடைக்குமா?’ கடனை வாங்கி, பிள்ளை வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சட்டம் படித்து, முதல் முறை கறுப்புக் கோட்டுப் போட்டுக் கோர்ட்டில் எழுந்து நின்றபோது மூத்த வக்கீல் ஒருவர், ‘இது பரேடு இல்லப்பா’ என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சிரித்தார்கள். இருபது வருஷமாகப் போகிறது, இன்னும் மறக்கவில்லை. நம் நாட்டிலேயே, படைவீரர்களின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் நீதிபதியோடு சரிசமமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள், சென்னையிலும் அமர்வு இருக்கிறது. அது பற்றித் தங்கள் பத்திரிகையில் ஒரு வரி படித்த ஞாபகம் எனக்கு இல்லை. கொடி நாளுக்கு மட்டும் எங்கள் படம் வருகிறது.

கட்டுரை எழுதியவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, அவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். வருகிற ஞாயிறு திருத்தம் போடும் இடத்தில், ‘என்றாலும்’ என்பதை ‘என்பதால்’ என்று வாசிக்கவும் என ஒரு வரி போட்டு, விட்டுப்போன பதக்கத்தின் பேரையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர், வழக்கறிஞர்,
பாளையங்கோட்டை.