மாங்க் அவசரப்படவில்லை

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வலது கை இன்னும் உன் சொல் கேட்கவில்லை என்று. விடுதி நாட்களில் நீ எழுதினால் அச்சடித்ததுபோல இருக்கும். அது போகட்டும், ஆர்மோனியத்தை விற்கப் போகிறேன் என்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்தது, மாடி ஒழுகுவது எல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

ஒரு மாதமாக இங்கே ஃப்ரெட் ஹெர்ஷ்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், 1955இல் சின்சினாட்டியில் பிறந்தவர். பாஸ்டனில் ஜாக்கி பையார்டிடம் பயின்று 1977இல் நியூயார்க் வந்து, ஆர்ட் ஃபார்மர், ஜோ ஹென்டர்சன் போன்ற பெரியவர்களோடு வாசித்து மேலே வந்தார். உனக்குப் பிடித்த பிராட் மெல்டாவ் இவருடைய மாணவர்தான். 1993இல் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஊரறியச் சொன்னார். நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துகள் வராத காலம் அது. இரவு விடுதிகளில் பிழைக்கும் ஒரு கலைஞன் அப்படிச் சொல்வது சின்ன விஷயமா?

நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்று நிலவறையில் ஒரு ஜாஸ் விடுதி இருக்கிறது. 1935இல் தொடங்கியது. நூற்றிருபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். ஜாஸ்காரர்களுக்கு அது கோயில். அங்கே ஒரு வாரம் முழுக்கத் தனியாக வாசித்த முதல் பியானோ கலைஞர் இவர், 2006இல்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து நிமோனியாவில் விழுந்தார். நோய் முற்றி, ஏறக்குறைய இரண்டு மாதம் கோமா. கண் விழித்தபோது கைகள் அவருடையவையாக இல்லை. விழுங்குவதைக்கூட மறுபடி பழக வேண்டியிருந்தது.

அவருக்கு வந்ததும் உனக்கு வந்ததும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். 'மரணத்தை வென்ற இசைமேதை' என்று பத்திரிகைகள் எழுதினால் நானே அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். உனக்கு நான் சொல்ல வந்தது அவர் கண்ட ஒரு கனவை.

கோமாவிலிருந்து மீண்டபின் சில கனவுகள் அவர் நினைவில் தங்கின. ஒன்றில் அவரும், பழைய ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மாங்கும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் அடைபட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மெட்டு எழுத வேண்டும். முதலில் முடிப்பவருக்கு விடுதலை. ஹெர்ஷ் வியர்க்க விறுவிறுக்க எழுதுகிறார். மாங்க் மட்டும் சிரித்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை! கூண்டுக்குள் அப்படி ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தக் கனவையே ஒரு மெட்டாக்கினார் ஹெர்ஷ். மற்ற கனவுகளோடும் சேர்த்து 2011இல் 'மை கோமா ட்ரீம்ஸ்' என்று மேடையேற்றினார்.

2010இல் வந்த 'வெர்ல்' என்ற மூவர் இசைத்தட்டை முதலில் கேள். பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் ஜான் ஹெபெர், டிரம்ஸில் எரிக் மெக்ஃபெர்சன். நோய்க்கு முந்தைய பதிவுகளையும் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். என் காதுக்குப் பிந்தையதுதான் உசத்தி. ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருக்கிறார். நீ அந்த நாளில் காத்திருந்ததே கிடையாது. வேகம்தான் வாசிப்பு என்பாய், நானும் தலையாட்டுவேன். நாம் இருவரும் சின்னப் பையன்கள்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வருகிறேன். துருத்தியை நான் போடுகிறேன். நீ ஒரு விரலால் ஸட்ஜத்தை மட்டும் பிடி, போதும். அதற்குள் யாராவது விலை பேச வந்தால், பெட்டியில் காற்று நிற்காது, துருத்தி ஓட்டை என்று சொல்லி அனுப்பிவிடு. பொய்யும் இல்லை. 1979இல் அதை ஓட்டையாக்கியவன் நான்தான், இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை.

உன் பழைய அறைத்தோழன்