பாலிமர் பத்து ரூபாய்: விதியை முதலில் திருத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலிமர் நோட்டு, அதாவது பிளாஸ்டிக் நோட்டு, என்றதும் கள்ளநோட்டுப் பேச்சுதான் வருகிறது. நம் நெல்லைச் சீமையில் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைக் கொல்வது ஈரம். உவரிக் கரையில் மீன் விற்ற கையிலும், பூக்கடையில் தண்ணீர் தெளித்த கையிலும் அவைதான் புரள்கின்றன. நம் நோட்டுத்தாள் பருத்தி இழை. உறுதியானது, ஆனால் ஈரத்தையும் எண்ணெயையும் குடித்து மடிப்பில் இற்றுவிடும். பாலிமர் என்பது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் படலம். தண்ணீர் அதில் ஊறாது. ஆஸ்திரேலியா 1988-இல் தொடங்கி 1996-க்குள் எல்லா நோட்டையும் மாற்றிவிட்டது. இங்கே கொச்சி, மைசூரு, ஜெய்ப்பூர், சிம்லா, புவனேசுவரம் ஆகிய ஐந்து ஊர்களில் நூறு கோடி பத்து ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கத் திட்டமிட்டார்கள். மக்கள் கைக்கு வரவில்லை. சிறு நோட்டில் தொடங்க நினைத்தது சரியே.

ஆனால் பாலிமருக்கும் குறை உண்டு. கண்டக்டர்கள் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைப்பார்களே, அந்த மடிப்பு இதில் நிற்காது, விரிந்துகொள்ளும். எளிதில் கிழியாது, ஓரத்தில் சிறு வெட்டு விழுந்துவிட்டாலோ சரசரவென்று ஓடும். கட்டுக்கு ஸ்டேப்ளர் ஊசி அடிக்கவே கூடாது.

பெரிய குறை சூடு. படலத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் இழுத்துத்தான் தயாரிக்கிறார்கள். நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் அந்த இழுவை விட்டுச் சுருங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒன்றும் ஆகாது. சட்டைப்பையில் இருக்க, மேலே இஸ்திரிப் பெட்டி ஓடினால் நோட்டு குறுகிவிடும்.

இங்கேதான் சிக்கல். கிழிந்த நோட்டுக்கு வங்கி பணம் தருவது பரப்பை அளந்து. இருபது ரூபாய் வரை, மிஞ்சிய மிகப்பெரிய ஒற்றைத் துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம்; இல்லையேல் ஒன்றுமில்லை. இப்போதைய பத்து ரூபாய் நோட்டு 123-க்கு 63 மில்லிமீட்டர். குறைந்தது 39 சதுர சென்டிமீட்டர் வேண்டும். பருத்தித்தாளுக்கு இது நியாயமான கணக்கு. சுருங்கிய பாலிமர் நோட்டில் ஒரு துணுக்குகூடத் தொலைந்திராது, பரப்பு மட்டும் குறைந்திருக்கும். கவுண்டரில் இருப்பவர் எதை அளப்பார்? எண்ணும் அச்சும் முழுதாகத் தெரிந்தால் முழு மதிப்பு என்று ரிசர்வ் வங்கி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

பத்து ரூபாய் நாணயமே செல்லாது என்ற வதந்தி இன்னும் நம் கடைகளில் ஓயவில்லை. பழைய தாளும் புதிய நோட்டும் சேர்ந்தே செல்லும் என்ற அறிவிப்பைப் பேருந்திலும் ரேஷன் கடையிலும் தமிழில் ஒட்டிய பிறகே புது நோட்டை இறக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்கள்,
பாளையங்கோட்டை